உடைந்தால் எதுவரை? மென்பொருள் கட்டமைப்பின் பாதுகாப்பு உத்திகள்: ஓர் ஒப்பீடு

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மென்பொருள் கட்டமைப்புப் பாடம் படிக்கும் முதுகலை மாணவர்களை 32 குழுக்களாகப் பிரித்து, ஒரு வங்கி அமைப்பை வடிவமைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு பகுதிக் குழுக்களுக்குப் பாதுகாப்புக்கென்றே தொகுக்கப்பட்ட வடிவமைப்பு மாதிரிகள் கொடுக்கப்பட்டன. மற்றவை அவை இல்லாமல் வேலை செய்தன. கடைசியில் இரு தரப்பையும் ஒப்பிட்டபோது எந்த வேறுபாடும் தென்படவில்லை. வடிவமைப்பு கூடுதல் பாதுகாப்பாகவும் இல்லை, வேலை சீக்கிரமாகவும் முடியவில்லை. ஆனாலும் மாதிரிகளைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யவே மாணவர்கள் விரும்பினார்கள்.

பாதுகாப்பு உத்திகளைப் பற்றிய புத்தகங்களில் பாதிக்கு மேல் இப்படிக் கைக்குத் தெம்பு தருபவை என்பது என் சந்தேகம். எந்த உத்தி நிஜமாகவே அபாயத்தைக் குறைக்கிறது என்று அளப்பது கடினம், ஏனென்றால் தடுக்கப்பட்ட தாக்குதல் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஒரே மென்பொருளை இரண்டு விதமாகக் கட்டி இருபது வருடம் ஓடவிட்டுப் பார்க்க யாரிடமும் பணம் கிடையாது. ஆனால் ஒரே வேலையைச் செய்யும் மென்பொருள்கள் வெவ்வேறு கட்டமைப்போடு பல்லாண்டுகளாக இணையத்தில் அடிபட்டுக் கிடக்கின்றன. அவற்றின் வரலாற்றை அருகே வைத்துப் பார்த்தால் ஓரளவு ஒப்பிடலாம். ஒவ்வோர் உத்தியிடமும் இங்கே இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இந்தப் பகுதி எதிராளியின் கைக்குப் போய்விட்டால் அவனால் எதுவரை போக முடியும்? இந்தக் காவல் நிலைக்க யாராவது தினமும் விழித்திருக்க வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் மூலம் 1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரை. மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தில் பட்ட அனுபவத்திலிருந்து எட்டு கோட்பாடுகளைச் சொன்னார்கள்: எளிமை, சொல்லாதவரை அனுமதியில்லை என்ற நிலை, ஒவ்வோர் அணுகலையும் சரிபார்த்தல், வடிவமைப்பின் ரகசியத்தை நம்பாமை, ஒரே சாவியில் திறக்காமை, குறைந்தபட்ச உரிமை, பொதுவில் பகிர்வதைக் குறைத்தல், பயன்படுத்துகிறவரின் மனத்துக்கு ஒத்துவருதல். ஐம்பது ஆண்டுகளில் வந்த உத்திகளில் பெரும்பாலானவை இவற்றின் கிளைகள்தாம். தொல்லை என்னவென்றால் இந்த எட்டும் ஒன்றோடொன்று மோதும். உரிமைகளைப் பொடிப்பொடியாகப் பிரித்தால் எளிமை போகும். ஒவ்வோர் அணுகலையும் சரிபார்த்தால் பயன்படுத்துகிறவர் பொறுமை இழப்பார்.

மின்னஞ்சல் செர்வர்களின் கதை ஒப்பீட்டுக்கு வசதியானது. 1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற கார்னெல் மாணவர் அவிழ்த்துவிட்ட புழு, சுமார் 6,000 கணினிகளில் பரவியதாக அன்று மதிப்பிட்டார்கள். அது நுழைந்த வாசல்களில் ஒன்று சென்ட்மெயில் என்ற அஞ்சல் செர்வர். சோதிப்பதற்காக வைத்திருந்த ஒரு வசதி திறந்தே கிடந்தது. அதைவிடப் பெரிய கோளாறு கட்டமைப்பில் இருந்தது. வெளியிலிருந்து வரும் அஞ்சலை வாங்குவது, முகவரியைப் பிரிப்பது, வரிசையில் வைப்பது, ஒவ்வொருவரின் பெட்டியிலும் போடுவது எல்லாம் ஒரே பெரிய நிரல். அது கணினியில் எதையும் செய்யவல்ல ரூட் உரிமையோடு ஓடியது. முகவரியைப் பிரிக்கும் வரியில் ஒரு பிழை இருந்தாலும் மொத்தக் கணினியும் போயிற்று.

டேனியல் பெர்ன்ஸ்டீன் 1995 கடைசியில் எழுதத் தொடங்கிய க்யூமெயில் அதற்கு நேரெதிர். வேலையைச் சின்னச் சின்ன நிரல்களாக உடைத்தார். அவற்றை வெவ்வேறு பயனர் கணக்குகளில் ஓடவிட்டார். ஒரு நிரல் சொல்வதை இன்னொன்று அப்படியே நம்பாது. 1997இல், இதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிப்பவருக்கு 500 டாலர் என்று பந்தயமும் கட்டினார். ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வீட்சே வெனிமா உருவாக்கி 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸும் இதே வழியில் போனது, சற்று இளகிய மனத்தோடு. சென்ட்மெயிலுக்குப் பழகிய நிர்வாகிகள் கட்டளைகளை மாற்றிக்கொள்ளாமலே அதற்கு மாறலாம். இந்த மூன்றில் இன்று அதிகம் புழங்குவது போஸ்ட்ஃபிக்ஸ்தான். எட்டாவது கோட்பாட்டை யாரும் மதிப்பதில்லை, ஆனால் ஜெயிப்பது அதுதான்.

இங்கே ஒரு திருப்பம். 2007இல், பத்தாண்டு அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதிய கட்டுரையில், குறைந்தபட்ச உரிமை என்ற கோட்பாடே கவனத்தைத் திசைதிருப்பும் வேலை என்றார் பெர்ன்ஸ்டீன். உரிமைப் பிரிப்புக்கு உதாரணமாக எல்லோரும் காட்டிய நிரலை எழுதியவரே இப்படிச் சொன்னார். அவருடைய வாதம் கூர்மையானது. பிரௌசருக்காக இணையப் பெயர்களைத் தேடித் தரும் துணை நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். அதனிடமிருந்து டிஸ்க்கைப் பறிக்கலாம், மற்ற உரிமைகளையும் பறிக்கலாம். ஆனால் அது சொல்லும் விடையைப் பிரௌசர் நம்புகிறதே! அதைப் பிடித்தவன் உங்களை எந்தத் தளத்துக்கு வேண்டுமானாலும் திருப்பிவிடலாம். ஆகவே உரிமையைக் குறைப்பதும் நம்பிக்கையைக் குறைப்பதும் ஒன்றல்ல. குறைக்க வேண்டியது பிழைகளை, நிரலின் அளவை, நம்பியே தீரவேண்டிய நிரலின் அளவை என்றார்.

நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். க்யூமெயிலுக்கே நேர்ந்தது காரணம். 2005இல் கியோர்கி குனின்ஸ்கி, 64 பிட் கணினியில் நினைவகம் மிக அதிகமாக இருந்தால் வெளிப்படும் எண் வழிதல் பிழைகளை அதில் கண்டுபிடித்தார். ஓர் அஞ்சல் நிரலுக்கு அத்தனை கிகாபைட் நினைவகம் யார் கொடுப்பார்கள் என்று பெர்ன்ஸ்டீன் ஏற்க மறுத்துவிட்டார். 2020இல் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார், அஞ்சலைப் பெட்டியில் போடும் நிரலுக்கு வழக்கமான நிறுவலில் நினைவக வரம்பே கிடையாது என்பதைக் கவனித்து, அதே பிழையை வைத்து வெளியிலிருந்து நுழைந்து காட்டினார்கள். ‘வரம்பு போட்டிருப்பார்கள்’ என்ற அனுமானம் நிரலுக்குள் இல்லை, நிர்வாகியின் ஞாபகத்தில் இருந்தது. இரண்டாவது கேள்வியில் தோற்ற இடம் இது.

பிரிப்பதன் பலத்தையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுவது ஓபன்எஸ்எஸ்எச். தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய உலகம் முழுக்கப் பயன்படும் இந்த மென்பொருளை, 2002இல் நீல்ஸ் ப்ரோவோஸும் கூட்டாளிகளும் இரண்டாகப் பிளந்தார்கள். வெளியிலிருந்து வரும் பைட்டுகளைத் தொடுவது ஓர் அப்பாவிக் குழந்தை ப்ராசஸ். அதற்கு எந்த உரிமையும் இல்லை, காலியான ஒரு டைரக்டரிக்குள் அடைபட்டிருக்கும். கடவுச்சொல் கோப்பை அதனால் திறக்க முடியாது. ‘இந்தக் கடவுச்சொல் சரியா?’, ‘இதில் கையெழுத்திட்டுத் தா’ என்று உரிமையுள்ள தாய் ப்ராசஸிடம் கேட்கத்தான் முடியும். தாய் எந்தக் கேள்வியை எப்போது ஏற்கலாம் என்பதும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. நிரலின் மூன்றில் இரண்டு பங்கு இப்படி உரிமையற்ற பக்கத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஜூனிலேயே பரீட்சை வந்தது. உள்நுழையும் முன்பே தாக்கக்கூடிய மோசமான பிழை ஒன்று வெளிப்பட்டது. விவரத்தை வெளியிடும் முன்பே, பிளவு இயங்கும் புதிய பதிப்புக்கு மாறச் சொல்லித் திட்டக்குழு எல்லோரையும் அவசரப்படுத்தியது. மாறியவர்களிடமும் பிழை அப்படியேதான் இருந்தது, ஆனால் அதைப் பிடித்து நுழைபவனுக்குக் கிடைத்தது அந்தக் காலி அறைதான்.

ஓபன்எஸ்எஸ்எச்சுக்கு 2024இல் இரண்டு அடிகள். மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இஸட் என்ற சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருப்பதை வெளியிட்டார். எஸ்எஸ்எச் வழியாக நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டியதில் கிடைத்தது அது. இதில் கட்டமைப்புப் பாடம் ஒன்று உண்டு. ஓபன்எஸ்எஸ்எச்சுக்கும் அந்த லைப்ரரிக்கும் சம்பந்தமே இல்லை. சில லினக்ஸ் விநியோகங்கள், செர்வர் தயாராகிவிட்டது என்று, சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டிக்கு அறிவிப்பதற்காக அதன் லைப்ரரியை ஓபன்எஸ்எஸ்எச்சோடு இணைத்திருந்தன. அந்த லைப்ரரி எக்ஸ்இஸட்டைக் கூடவே இழுத்துவந்தது. தயார் என்று ஒரு சாக்கெட்டில் சில எழுத்துகள் எழுதினால் போதும். அதற்காக ஒரு சங்கிலியே உரிமையுள்ள ப்ராசஸுக்குள் வந்து உட்கார்ந்தது. உள்ளே கவனமாகக் கட்டிய தடுப்பு இதற்கு முன் ஒன்றுமில்லை, விஷம் தடுப்பின் பாதுகாப்பான பக்கத்திலேயே ஏறியது.

இரண்டாவது அடி ஜூலை 1. 2006இல் சரிசெய்யப்பட்ட ஒரு பிழை 2020இல் தெரியாமல் திரும்ப நுழைந்திருப்பதைக் குவாலிஸ் கண்டுபிடித்தது. குறித்த நேரத்துக்குள் நுழையாதவரைத் துண்டிக்கும் கடிகாரத்தில் இருந்தது அது. 32 பிட் லினக்ஸில் சராசரியாகப் பத்தாயிரம் முயற்சிகளில் ரூட் கிடைத்தது. பிழை உரிமையுள்ள மூன்றில் ஒரு பங்கில் இருந்ததால் பிளவு காப்பாற்றவில்லை. பிளந்தது வீணா? இல்லை, எஞ்சிய பங்கு இன்னும் பெரிதாக இருந்தது என்றுதான் நான் படிக்கிறேன். திட்டக்குழுவும் அப்படித்தான் படித்திருக்க வேண்டும். அன்றே வந்த 9.8 பதிப்பில் காத்திருக்கும் நிரலையும் ஒவ்வோர் இணைப்பையும் நடத்தும் நிரலையும் தனித்தனியாக்கினார்கள். தயார் அறிவிப்பை எந்த லைப்ரரியும் இல்லாமல் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் வந்த 10.0, அடையாளம் சரிபார்க்கும் பகுதியையும் தனி நிரலாக்கிவிட்டது. பெர்ன்ஸ்டீனின் மூன்று அளவுகோல்களும் சால்ட்சரின் கோட்பாடும் கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்யச் சொல்கின்றன.

பிரிப்பதற்குச் செலவு உண்டு என்பதைப் பிரௌசர்கள் பளிச்சென்று காட்டுகின்றன. 2008இல் வந்த குரோம், பக்கத்தை வரைந்துகாட்டும் பகுதியை ஆரம்பத்திலேயே சாண்ட்பாக்ஸ் என்ற உரிமை குறைந்த கூண்டுக்குள் அடைத்தது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் ஓட்டை வெளிப்பட்டபோது, ஒரே ப்ராசஸுக்குள் இரண்டு தளங்கள் இருந்தால் ஒன்று மற்றதன் நினைவகத்தைப் படித்துவிடலாம் என்று ஆயிற்று. பல ஆண்டுகளாகக் கட்டிவந்த தளப் பிரிப்பை அதே ஆண்டு குரோம் 67இல் ஏறக்குறைய எல்லா மேசைக்கணினிகளுக்கும் இயக்கிவிட்டது கூகுள். விலை, 10 முதல் 13 சதவீதம் கூடுதல் நினைவகம். உங்கள் கணினி மூச்சு வாங்குவதற்கு ஒரு காரணம் இது. இருந்தும் எல்லாவற்றையும் தனித்தனி ப்ராசஸாக வெட்ட முடியாது என்பதால், குரோமின் மூலத்திட்டமான குரோமியத்தின் குழு ஒரு கைவிதி வைத்திருக்கிறது. நம்ப முடியாத உள்ளீடு, நினைவகத்தைக் காக்காத மொழி, சாண்ட்பாக்ஸ் இல்லாமை ஆகிய மூன்றில் இரண்டுக்கு மேல் ஓரிடத்தில் சேரக் கூடாது. நான் பார்த்த ஒப்பீட்டு விதிகளில் இதைவிட உருப்படியானது இல்லை. மூன்று உத்திகளை ஒன்றுக்கொன்று ஈடாக வைத்து, எதை வாங்குவது என்ற முடிவை அந்த இடத்துப் பொறியாளரிடமே விடுகிறது.

காவல் போடும் உத்திகள் வேறு இனம். வடிகட்டி, கண்காணிப்பு, தடுப்புச்சுவர் எல்லாம் இதில் அடக்கம். இவற்றை அடுக்கினால் பாதுகாப்பு ஆழமாகும் என்பது பழைய நம்பிக்கை. 2017இல் கடன் விவரங்களைத் தொகுக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் ஓட்டைக்குப் பேட்ச் வந்து இரண்டு மாதத்துக்குப் பிறகும் ஒரு பழைய இணையச் செயலியில் அது போடப்படவில்லை. மே மாதம் அதன் வழியாக நுழைந்தவர்களுக்கு, மறையாக்கம் செய்யப்படாத ஒரு கோப்பில் கடவுச்சொற்கள் கிடைத்தன. அவற்றை வைத்து, அந்தச் செயலிக்குச் சம்பந்தமில்லாத 48 தரவுத்தளங்களில் நுழைந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. வெளியேறும் தரவைப் பிரித்துப் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. அதன் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால் எல்லாவற்றையும் பார்க்காமலே வெளியே விட்டுக்கொண்டிருந்தது. ஜூலை 29 அன்று சான்றிதழை மாற்றியதுமே சந்தேகமான போக்குவரத்து தெரிந்தது. காவல் கெட்டபோது யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் கெட்ட காவலால் எந்த வேலையும் நிற்கவில்லை. அந்தப் பழைய செயலிக்கும் 48 தரவுத்தளங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்திருந்தால், சான்றிதழை மறந்த மறதிக்கு இத்தனை பெரிய விலை இருந்திருக்காது.

2019இல் கேபிடல் ஒன் வங்கியில் நடந்தது இன்னும் விநோதம். காவலுக்கு வைத்த இணையத் தடுப்புச்சுவரே வாசலானது. அதை ஏமாற்றி, அமேசான் மேகத்துக்குள்ளே மட்டும் பதில் சொல்லும் ஓர் உள்முகவரியைக் கேட்கவைத்தார் தாக்கியவர். அது தற்காலிகச் சாவியைக் கொடுத்தது. தடுப்புச்சுவருக்குத் தேவைக்கு மீறிய உரிமை தரப்பட்டிருந்ததால் அந்தச் சாவி கோப்புக் கிடங்குகளையும் திறந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேர். 1988இலேயே நார்ம் ஹார்டி, தன் உரிமையை அடுத்தவனுக்காகச் செலவழிக்கும் நிரலைக் ‘குழம்பிய பிரதிநிதி’ என்று பெயரிட்டு விளக்கியிருந்தார். அதற்கு மருந்தாகச் சொல்லப்பட்டது, ‘நான் யார்’ என்பதைப் பார்த்து அனுமதிக்காமல், ‘இந்தப் பொருளுக்கான அனுமதிச்சீட்டு கையில் இருக்கிறதா’ என்று பார்க்கும் முறை. 1966இலிருந்து ஆய்வுலகில் இருக்கும் இந்த யோசனை, பரவலாகப் புழங்கும் மென்பொருள்களில் ஓரங்களில்தான் ஒட்டியிருக்கிறது.

காப்பதைவிட வைத்துக்கொள்ளாமல் இருப்பது மேல் என்று சொல்லும் உத்திக்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் கார்டு வழங்கும் வங்கிகளும் கார்டு நெட்வொர்க்குகளும் தவிர யாரும் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது என்றது ரிசர்வ் வங்கி. கடையின் செர்வரில் இருப்பது டோக்கன். அந்தக் கடைக்கு வெளியே அது செல்லாது. முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது, ஏனென்றால் செர்வர் முழுவதும் போனாலும் திருடனுக்குக் கிடைப்பது உதவாத எண்கள். ஆனால் அபாயம் மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. சிதறிக் கிடந்த எண்கள் சில பெரிய பெட்டகங்களில் குவிந்திருக்கின்றன. லட்சம் கடைகளைவிடப் பத்துப் பெட்டகங்களைக் காப்பது எளிது என்ற பந்தயம் இது; நியாயமான பந்தயம்தான்.

மொழியை மாற்றுவது கட்டமைப்பா என்று சிலர் கேட்பார்கள். எண்கள் அந்த விவாதத்தை முடித்துவிட்டன. தன் மென்பொருள்களின் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. ஆண்ட்ராய்டில் அதே ஆண்டு 76 சதவீதமாக இருந்த இந்தப் பங்கு 2024இல் 24 சதவீதமானது. கவனிக்க வேண்டியது, பழைய சி நிரலைத் தூக்கி எறியவில்லை. புதிதாக எழுதியதை ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதினார்கள், அவ்வளவுதான். பழைய நிரலில் ஓட்டைகள் வருடாவருடம் தீர்ந்துகொண்டே போகின்றன, புதியது சேராவிட்டால் மொத்தம் தானே இறங்கும். யாரும் விழித்திருக்க வேண்டாம், கம்பைலர் விழித்திருக்கும். கணித நிரூபணம் இதன் உச்சம். எஸ்இஎல்4 என்ற கருநிரலின் சுமார் 8,700 வரிகள் சரியானவை என்று 2009இல் நிரூபிக்க இரண்டு லட்சம் வரி நிரூபணம் தேவைப்பட்டது. அதன் மேல் கட்டிய ஆளில்லா ஹெலிகாப்டரில் ஒரு பகுதியைத் தாக்குதல் குழுவிடமே ஒப்படைத்தும் அவர்களால் அதை விட்டு வெளியே வர முடியவில்லை. ஆனால் அந்தச் சிறிய கருவுக்கு மேல் நம்முடைய கோடிக்கணக்கான வரிகளுக்கு இந்த வழி கட்டுப்படியாகாது.

அச்சுறுத்தல்களை முன்கூட்டியே வரைந்து பார்க்கும் முறையைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். லோரன் கோன்ஃபெல்டரும் பிரேரித் கர்கும் 1999இல் மைக்ரோசாஃப்டில் உருவாக்கிய ஸ்ட்ரைட், ஆள்மாறாட்டம் முதல் உரிமை உயர்வு வரை ஆறு வகை மிரட்டல்களை ஒவ்வொரு தரவோட்டத்திலும் தேடச் சொல்கிறது. அது எதையும் தடுப்பதில்லை. எங்கே சுவர் வேண்டும் என்று கேட்கவைக்கிறது. எக்ஸ்இஸட் லைப்ரரியை எந்த வரைபடத்திலும் யாரும் போட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது இந்த ஒப்பீடு மறுபடியும் தொடக்கத்துக்கு வந்திருக்கிறது, செயற்கை நுண்ணறிவு முகவர்களால். படிக்கும் மின்னஞ்சலில் ஒளிந்திருக்கும் ஒரு வரியை உத்தரவாக எடுத்துக்கொண்டு நடக்கக்கூடியவை அவை. அஞ்சலில் வரும் சொல்லும் எஜமானர் சொல்லும் ஒரே வரிசையில் உள்ளே போவதால், மொழி மாதிரிக்குள்ளேயே சுவர் எழுப்ப இதுவரை நம்பகமான வழி இல்லை. பல நிறுவனங்கள் கெட்ட வாக்கியங்களைப் பிடிக்கும் வடிகட்டிகளை அடுக்குகின்றன, ஈக்விஃபாக்ஸின் வழி. சைமன் வில்லிசன் 2025இல், தனிப்பட்ட தரவு, நம்ப முடியாத உள்ளடக்கம், வெளியே அனுப்பும் வசதி மூன்றும் ஒரே முகவரிடம் சேர்வதுதான் ஆபத்து என்று எழுதினார். குரோமியம் விதியின் உறவு அது. அதே ஆண்டு கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட கேமல் என்ற வடிவமைப்பு, பயனர் கேட்டதை வைத்து மட்டும் வேலைத்திட்டத்தை எழுதிக்கொள்கிறது. அஞ்சலைப் படிக்கும் மாதிரியிடம் எந்தக் கருவியும் இல்லை; ஒவ்வொரு தரவும் எங்கிருந்து வந்தது, எங்கே போகலாம் என்ற சீட்டைச் சுமக்கிறது. ஓபன்எஸ்எஸ்எச்சின் குழந்தை ப்ராசஸும் 1966இன் அனுமதிச்சீட்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இதற்கும் விலை உண்டு. காவலில்லாத முகவர் செய்யும் வேலைகளில் சிலவற்றை இது செய்ய முடியாமல் விட்டுவிடுகிறது. அந்த விலையைக் கொடுக்கச் சந்தையில் யாரும் இன்னும் வரிசையில் நிற்கவில்லை.